சுவரில் ஒட்டிய வன்கதிர்கள்

ஜூன் 9, வியாழன்

ஊட்டியில் காலையிலிருந்தே மழை. ஆய்வுக்கூடத்தில் ஹீட்டர், ஆய்வை நடத்தும் சாரின் அறையில் மட்டும். நமக்கு டீ.

வேலை: போன மாதம் போட்ட எக்ஸ் கதிர் வரைபடத்தைச் சரிபார்ப்பது. ஒரு நியூட்ரான் விண்மீன். பக்கத்து விண்மீனின் வாயு அதன்மேல் விழுகிறது. சுற்றிலும் கொதிக்கும் வாயு மேகம், கொரோனா. ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்கள், அதாவது வன்கதிர்கள், அதிலிருந்துதான். பன்னிரண்டு நாள் அவை குறைந்துகொண்டே போயின. வெளிநாட்டுச் செயற்கைக்கோளில் இருக்கும் கருவி களைத்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, எண்களை ஏற்றித் திருத்தியிருந்தேன். சார் பாராட்டினார் வேறு.

ஜூன் 10, வெள்ளி

அதே கருவி, அதே நாட்களில் வெளிச்சம் மாறாத நண்டு நெபுலாவையும் அளந்திருக்கிறது. அங்கே துளியும் குறையவில்லை. வாயு கூடுதலாக விழ, உள்ளிருந்து ஆற்றல் குறைந்த மென்கதிர் பெருகிச் சூட்டை வாங்கிக்கொண்டு போக, கொரோனாதான் குளிர்ந்திருக்கிறது. அதைத்தான் அழித்திருக்கிறேன். மேதாவி.

சாரிடம் சொன்னேன். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம்.

"மூல நம்பரைக் கொண்டாங்கம்மா. இல்லீன்னா திங்கக்கெழமை கட்டுரை இப்படியேதானுங்க போகும்."

மூல எண்கள் பதிந்த காந்த நாடா வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டது. அவற்றை அச்சிட்ட தாள்கள் பந்தலூரில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துச் சுவரில். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த நாளாய் அங்கே எல்லோரும் செய்வதுதான்: கிடைத்த காகிதத்தை மைதாப் பசையால் தகரத்தில் ஒட்டுவது, காற்று புகாமல். வேலை முடிந்தது என்று நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 11, சனி

பஸ் கூடலூரில் இரண்டு மணி நேரம் நின்றது. வழியில் மண்சரிவு.

அக்காவுக்குப் பிரசவமாகி ஐந்து நாள். இருப்பது ஒரே அறை, ஒரே காம்பரா. தாள்கள் தொட்டிலுக்குப் பின்னால், எண்கள் தகரத்தைப் பார்த்து. வெள்ளைப் பக்கம் தெரிந்தால்தான் அழகாம், அம்மா சொல்கிறார்.

அப்பாவுக்கு எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மேகம் குளுந்ததுல யாருக்கும்மா நட்டம்?"

எனக்குத்தான், என்று சொல்லியிருக்கலாம்.

ஜூன் 12, ஞாயிறு

அக்காவே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். முதல் தாளை நனைத்து, கத்தியால் கிளப்பினேன். நார் நாராக வந்தது. எண்கள் துருவோடு போயின. மூன்று எண் மட்டும் படிக்க முடிந்தது, எந்த நாளுக்கு என்று தெரியவில்லை.

இன்னும் நான்கு தாள். ஒன்றாவது முழுசாக வரலாம். ஆனால் தாள் போன இடத்தில் தகரத்து ஓட்டை வழியே காற்று நேராகத் தொட்டிலில். பிள்ளை இருமியது. அக்கா போர்வையை இழுத்துவிட்டாள். கத்தியைக் கீழே வைத்தேன்.

அம்மா பசை கிண்டினார். பையில் இருந்த ஒரே காகிதம் என் திருத்திய வரைபடம். நல்ல தடிமன். அதை ஒட்டினேன். காற்று நின்றது.

அந்த வரைபடத்தின் இன்னொரு பிரதி சாரிடம் இருக்கிறது. நாளை கட்டுரையோடு தபாலில் போகும்.