நாயோட சாமான்

அண்ணி,

வெயிலில் காயப் போட்டிருந்த சாக்கை இன்று எடுத்து உதறினேன். பழைய நெல்லும் தூசியும் கலந்த வாசனை மூக்கில் ஏறி ஒரு தும்மல் வந்தது. தும்மலுக்குப் பின்னாலேயே நீங்களும் நினைவில் வந்துவிட்டீர்கள். சிமெண்ட் ஆலையில் தன்னோடு வேலை செய்கிறவர் கொடுக்கிறார் என்று என் மகன் நாளைக்கு ஒரு நாய்க்குட்டி கொண்டுவருகிறான். எங்கள் அரியலூர் வீட்டுக்கு அதுதான் முதல் நாய். மருமகள் கடைக்குப் போய்த் தட்டும் கழுத்துப் பட்டையும் வாங்கி வைத்துவிட்டாள். படுக்கப் போட என்ன செய்வது என்று அவள் கேட்டபோதுதான் பரணில் கிடந்த சாக்கை இறக்கினேன். "மூணு வெயில் காயணும், அப்பத்தான் உண்ணி ஓடும்" என்பீர்கள். நான் ஒரு வெயில்தான் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த வயசில் மாடிக்கு ஏறி இறங்க முடியவில்லை.

அது சண்டைக்காலம். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், பட்டாளத்துக்குப் போயிருந்தார். ஜெயங்கொண்டத்துக்கு வெளியே, முந்திரித் தோப்புக்கு நடுவில் இருந்த வீட்டில் நான் ஒருத்தி. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், குழந்தையும் இல்லை. அரியலூரில் மிளகாய் மண்டி வைத்திருந்த என் அண்ணன் வந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னோடு புறப்படச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். பட்டாளத்திலிருந்து திரும்பி வருகிற மனுஷன் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கக் கூடாது. என் பிடிவாதம் அவ்வளவுதான்.

"காவலுக்கு ஒரு நாயி கூட இல்லாத வூட்டுல நீ தனியா இருந்தா ஊரு என்னைத்தான் காறித் துப்பும். பங்குனியில வருவேன். அதுக்குள்ள ஒரு துணை தேடிக்கிட்டா சரி, இல்லேன்னா உன்னை ஏத்திக்கிட்டுத்தான் வண்டி திரும்பும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். அவர் சொன்னால் செய்கிறவர்.

இந்தச் சேதி ஆண்டிமடத்தில் இருந்த உங்கள் காதுக்கு எப்படி எட்டியதோ தெரியாது. சின்ன வயசிலேயே வெள்ளைப் புடவைக்கு வந்து, மாமியார் வீட்டுப் பெரிய குடும்பத்தோடு இருந்தவர் நீங்கள். ஒரு நாள் திடுதிப்பென்று வந்து நின்றீர்கள். நாத்தனார் வந்தால் எந்தப் பெண்தான் பதறமாட்டாள்? நான் ஓடிப்போய் மோர் கரைத்தேன். வந்ததும் மோரைக் குடித்துவிட்டு, உப்புப் போதவில்லை என்றீர்கள். அடுத்த வார்த்தை நாயைப் பற்றி.

"எங்க பக்கத்து வூட்டு நாயி குட்டி போட்டிருக்கு. பால்குடி மறந்ததும் ஒண்ணைக் கொண்டாறேன். அதுக்கு முன்ன வூட்டைத் தயார் பண்ணணும். வரட்டும் அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா, வந்த உசுரு எங்கடா படுக்கறதுன்னு முழிக்கும்."

நாய்க்கு வீட்டைத் தயார் செய்வதா என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஊரில் நாய்கள் தானாக வரும், தானாகப் போகும். ஆனால் நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டீர்கள். முதலில், அடுப்பெரிக்க மூலையில் குவித்து வைத்திருந்த முந்திரி ஓடுகளையெல்லாம் அள்ளிப் பானையில் போட்டு மேலே ஏற்றினீர்கள். குட்டி எதைக் கண்டாலும் கடிக்கும், ஓட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் வாய் வெந்து புண்ணாகிவிடும் என்றீர்கள். இத்தனை வருஷம் முந்திரியோடு வாழ்ந்தும் எனக்கு அது தோன்றவில்லை. பிறகு வேலியில் இருந்த ஓட்டைகளை முள் வெட்டிப் போட்டு அடைத்தோம். விளிம்பு உடைந்த சட்டி ஒன்றை, கவிழாமல் இருக்கப் பாதி மண்ணில் புதைத்தீர்கள். நார்க்கயிறு கழுத்தை அறுக்கும் என்று உங்கள் புடவைக் கிழிசலைத் திரித்துப் பட்டை செய்தீர்கள்.

அரிசிக்கு ஆலாய்ப் பறந்த காலம். வேலிக்கு அப்பாலிருந்து ஒருத்தி, "மனுசருக்கே கூழு இல்லையாம், இவங்க நாயி வளக்கறாங்களாம்" என்று எங்கள் காதில் விழும்படியே சொன்னாள். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நாம ஆளுக்கு ஒரு கை கொறைச்சுக் குடிச்சா அதுக்கு ஒரு வயிறு ரொம்பிடும்" என்றீர்கள். 'நாம' என்றதை அன்று நான் கவனிக்கவே இல்லை.

கடைசியாகப் படுக்கை. சமையல்கட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில், வாசலும் கிணற்றடியும் ஒருங்கே தெரிகிற இடத்தில், மண் குழைத்து ஒரு மேடை போட்டீர்கள். போட்டுக்கொண்டே போனீர்கள்.

"குட்டிக்கு எதுக்கு அண்ணி இம்மாம் நீளம்?"

"வளரும்ல?"

சாணி மெழுகிக் காய்ந்ததும் நீங்களே அதில் காலை நீட்டிப் படுத்து, காற்று வருகிறதா என்று பார்த்தீர்கள். வருகிறது என்று சொல்லிவிட்டு ஆண்டிமடம் திரும்பினீர்கள்.

மாசி முடிவதற்குள் உங்கள் வண்டி வந்தது. கூடையில் ஒரு செவலைக் குட்டி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூடவே ஒரு தகரப்பெட்டி, தலையணை, பித்தளைச் செம்பு, அரிவாள்மனை.

"இதெல்லாம் என்ன அண்ணி?"

"நாயோட சாமான்."

"நாயிக்கு எதுக்கு அரிவாள்மனை?"

"கீரை அரிய வேணாமா?" என்று முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னீர்கள். எனக்கு லேசாகப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. கேட்டால் நீங்கள் முறுக்கிக்கொள்வீர்கள் என்று பெட்டியை இறக்கி வைத்தேன். குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு உரலை மூன்று சுற்றுச் சுற்றி வந்தீர்கள். புதுக்கோழி பழைய வீட்டுக்கு ஓடாமல் இருக்கத்தானே அப்படிச் செய்வார்கள் என்றேன். "கோழியா இருந்தா என்ன, நாயா இருந்தா என்ன? பழைய வூட்டை மறக்கணும், அவ்வளவுதான்" என்றீர்கள். சுற்றியது குட்டியின் கால்கள் இல்லை, உங்கள் கால்கள்தான். அது எனக்கு உறைக்கப் பல நாளாயிற்று.

சூரன் என்று பேர் வைத்தோம். பேரில்தான் சூரன். அணில் கத்தினால் என் புடவைக்குள் புகுந்துகொள்ளும். பங்குனியில் என் அண்ணன் வண்டியோடு வந்து இறங்கியபோது, ஓடிப்போய் அவர் காலை நக்கிவிட்டு மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது. அதை இழுத்துப் பிடிக்க நான் ஓடினேன். அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"கொலைக்கிற நாயி கடிக்காதும்பாங்க. இது ரெண்டும் பண்ணாது போலருக்கே. இதான் உன் காவலா? எடுத்து வைம்மா துணியை."

அப்போது நீங்கள் கொல்லைப்புறத்திலிருந்து வந்தீர்கள், கையில் உலக்கையோடு. கம்பு இடித்துக்கொண்டிருந்தீர்கள் என்பது அண்ணனுக்கு எப்படித் தெரியும்? அவர் ஓரடி பின்னால் போனார்.

"காவலுக்கு நாயின்னு யாருங்க சொன்னது? கொலைக்கறதுக்கு நான் வந்துட்டேன். ஜெயங்கொண்டம் வரைக்கும் கேக்கும். நாயி எனக்குத் துணைக்கு."

அண்ணன் தாழ்வாரத்து மேடையைப் பார்த்தார். அதன் மேல் விரித்திருந்த பாயையும் தகரப்பெட்டியையும் பார்த்தார். அப்புறம் வண்டிக்காரனிடம் மாட்டை அவிழ்த்துவிடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு, வந்த வண்டியில் தனியாகத் திரும்பினார். அன்று நான் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதேன். "போதும், கம்பு அப்படியே கெடக்கு" என்று தள்ளிவிட்டீர்கள்.

ஆண்டிமடத்து வீட்டைப் பற்றி நீங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் ஒரு மத்தியானம், இருவரும் கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது, "எல்லாரும் தின்னு முடிச்சாச்சான்னு பாக்காம நான் ஒக்காந்து சாப்புடறது இங்கதான்" என்றீர்கள். என்னைக் காப்பாற்றவே வந்தீர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். உங்களுக்கும் ஒரு வீடு வேண்டியிருந்தது. அதை வாய்விட்டுக் கேட்க உங்களுக்கு வராது, நானாக அழைக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் மானத்தையும் ஒரு நாய்க்குட்டி காப்பாற்றியது.

சண்டை முடிந்து உங்கள் தம்பி வந்தார். யாரைக் கண்டும் குரைக்காத சூரன், சொந்த வீட்டுக்காரரைப் பார்த்துக் குரைத்த குரைப்பில் அவர் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "எவன்டா அவன்?" என்று கத்திக்கொண்டு ஓடிய நீங்கள், முகத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதீர்கள். கதவு திறந்தே இருந்தது, அண்ணி. நான் கேட்டது அது ஒன்றைத்தானே.

மறுநாள் காலை நீங்கள் பெட்டியைக் கட்டினீர்கள். தம்பி வந்துவிட்டான், இனி எனக்கென்ன வேலை என்றீர்கள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"போறதுன்னா போங்க. அது நாயோட சாமான், அதை வெச்சிட்டுப் போங்க."

நீங்கள் என்னை முறைத்துப் பார்த்தீர்கள். பிறகு பெட்டியைத் திரும்ப மேடையில் வைத்துவிட்டு, குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனீர்கள். சூரன் போன பிறகும், உங்கள் தம்பி போன பிறகும், கடைசி வரை என்னோடுதான் இருந்தீர்கள். உங்களுக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவும் விட்டிருக்க மாட்டீர்கள். இப்போது தடுக்க ஆளில்லாததால் சொல்கிறேன்.

இன்று சாயந்திரம் மருமகள் கவலையோடு வந்தாள். "நானும் அவரும் வேலைக்குப் போயிடுவோம். உங்களால குட்டி பின்னால ஓட முடியுமா அத்தை?" என்றாள். அவளுடைய அம்மா பெரம்பலூரில் தனியாக இருக்கிறார். மகள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதாவது என்று, எத்தனையோ முறை அழைத்தும் வராதவர்.

"உங்க அம்மாவுக்குப் போன் போடு. குட்டியைப் பாத்துக்க ஆளில்ல, அத்தைக்கு முடியலைன்னு சொல்லு. தனியா இருக்கீங்களேன்னு மட்டும் சொல்லிடாத."

அவள் உள்ளே போய்ப் பேசினாள். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா வர்றாங்களாம் அத்தை. எத்தினி நாளைக்குத் துணி எடுத்துட்டு வரணும்னு கேக்கறாங்க."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லு" என்றேன்.