டாங்க் மூடியில் சோப்பு

12 மார்ச் 1974, செவ்வாய்

எங்கள் பழைய காரை வாங்க நாளைக் காலையில் ஓர் ஆள் வருவதாக இருந்தது. "நாலு மைலுக்கு ஒருக்கா நிக்கற வண்டி நமக்கெதுக்கு?" என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அதில்தான் எனக்கு ஓட்டக் கற்றுத்தருவதாகச் சொல்லியிருந்தார்.

இன்று பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது இரண்டு முறை நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டாங்க் மூடியைத் திறந்தேன். இரண்டு முறையும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே வண்டி கிளம்பியது! மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அதிலிருந்த கடுகளவு துளையில் துணி சோப்பு.

"இதை யாருங்கப்பா அடைச்சது?"

"நாந்தான். பெட்ரோலு விக்கற வெலைக்கு ஆவியாப் போகுதேன்னு..."

"காத்து உள்ள போகாம பெட்ரோல் எப்படிங்கப்பா எறங்கும்?"

கொண்டை ஊசியால் குத்தி எடுத்தேன். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை வரை வண்டி நிற்கவே இல்லை. வாசலில் இறங்கியதும் அப்பா சாவியை என் கையில் வைத்தார்.

"அந்தாளை வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன். சோப்புக் கதைய மட்டும் உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாதே, சாமி."

சொல்லவில்லை. சாவி தலையணைக்கு அடியில் இருக்கிறது. இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டேன். விடியட்டும், முதலில் கிளட்ச் பழக வேண்டும்.