மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி

அன்புள்ள உனக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். அத்தையின் கால் மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? அவர்கள் எழுந்து நடமாடும்வரை மகள் நீ பக்கத்தில் இருப்பதுதான் சரி. நான் சமாளித்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு ஒரு வேடிக்கை. என் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. கொஞ்சம் என்றால் ஒன்றேகால் மணி நேரம். நம் பழைய சபையில் என்றால், போதும் என்று தோன்றியதும் நீ மூன்றாவது வரிசையில் பைபிளை மூடி மடியில் வைப்பாய். நானும் ஆமென் சொல்லிவிடுவேன். இந்தப் புதுச் சபையில் எல்லோரும் மரியாதைக்காரர்கள், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் கீபோர்டு வாசிக்கும் பஸ் டிரைவர், நான் பேசும்போதே முடிவுப் பாட்டை மெல்ல ஆரம்பித்துவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆராதனை முடிந்ததும் கேட்டேன்.

"மன்னிச்சிருங்க பாஸ்டர், பன்னெண்டு மணி பஸ்ஸை நான்தான் எடுக்கணும்" என்றார்.

கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. உன் வழக்கத்தைச் சொல்லி, "இனிமே நீங்க மூணாவது வரிசையில உட்கார்ந்து எனக்குச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"அது பாஸ்டரம்மாவோட இடம். நான் கீபோர்டுலேருந்தே பார்த்துக்கறேன்" என்றார். அந்த வரிசையில் ஒரு நாற்காலியை உனக்கென்று ஒதுக்கி, இப்போது அதில் அவர் யாரையும் உட்காரவிடுவதில்லை.

என் வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் அறுந்துவிட்டது. உன் தையல் டப்பாவில் அதே மாதிரி இருந்தால் அனுப்பு. ஜெபக் கூட்டத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், முடிக்கிறேன்.

வரும்போது உன் பைபிளை மறக்காதே. இங்கே திறக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். மூடத்தான் ஆளில்லை.

உன்னுடைய,
நேரம் தெரியாத பாஸ்டர்