கடற்கரையில் உன் பேரில் ஒரு டீக்கடை

என் வாயாடித் தம்பி ஆரோவுக்கு,

கல்லறைத் திருநாளன்று உன்னிடம் சரியாகப் பேசவில்லை. மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு முறைத்துக்கொண்டே நின்றேன். கோபம் உன்மேல் இல்லைடா, அந்தப் பூமேல்.

அம்மாவும் நானும் பெரிய மார்க்கெட்டில் செவ்வந்தி வாங்கிக்கொண்டு, துடைப்பமும் குடமுமாக வந்தால், உன் கல்லறையை யாரோ ஏற்கெனவே கழுவி வைத்திருக்கிறார்கள். தலைமாட்டில் ஆளுயர மலர்வளையம். அதன் ரிப்பனில் அந்த வீடியோ கேம் கம்பெனியின் பெயர். அதேதான், நீ கிழித்துத் தொங்கவிட்டாயே, அந்தக் கடல் விளையாட்டை விற்றவர்கள். "படகு தண்ணியத் தொடவே மாட்டேங்குது, யாராச்சும் எறக்கி விடுங்கப்பா" என்று நீ சொன்ன வீடியோவுக்கு நம் ஏரியா நெல்லித்தோப்பே சிரித்தது. அன்றிலிருந்து, கேம்களை விமர்சிக்கும் நம் சேனலுக்கு அவர்கள் எந்த கேமையும் முன்கூட்டி அனுப்பியதில்லை. நீ காய்ச்சலில் கிடந்தபோதும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இந்தப் பாசம்? அவ்வளவு கல்லறைகளுக்கு நடுவே உன்னுடையதை யார் காட்டிக்கொடுத்தார்கள்? எலி எதுக்கு அம்மணமா ஓடுது என்று அங்கேயே தோன்றிவிட்டது. அம்மாவோ, "யாரு பெத்த புள்ளைங்களோ, நல்லாருக்கட்டும்" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் போன் வந்தது. கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து பிரவீன் என்று ஒருவன். எடுத்ததும் அக்கா. எனக்குத் தெரியாமல் எப்போது பிறந்தான் இந்தத் தம்பி?

"அக்கா, நாங்கல்லாம் ஆரோ ப்ரோவோட ஃபேன்ஸ். புது கேம்ல கடற்கரையில ஒரு டீக்கடை வெச்சிருக்கோம். 'ஆரோ டீ ஸ்டால்'னு போர்டு. அவரு நெனப்பா இருக்கட்டும்னு."

"சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"ஐயோ, ஒண்ணுமே வேணாங்க்கா. மனசுல பட்டத சொல்லுங்க. கொற ஏதாச்சும் இருந்தா மட்டும், ரிலீஸ் ஆகி ரெண்டு வாரம் கழிச்சு சொல்லலாமே. அப்பறம் அந்தப் பழைய படகு வீடியோ... எறந்தவரு கோவமா பேசுறாப்ல இருக்குது. ஃபேமிலிக்கும் கஷ்டம் இல்ல? மறைச்சு வெச்சிடலாம்க்கா."

எங்களுக்குக் கஷ்டமாம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இதையெல்லாம் மெயிலில் எழுதி அனுப்பு என்றேன். "இதுக்கெல்லாம் எதுக்குக்கா மெயிலு" என்று சிரித்தான்.

வெளிவருவதற்கு முன்பே கேம் நம் வீட்டுக்கு வந்தது. போட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, கடல் அழகு. ஆனால் சேமித்த ஆட்டம் காணாமல் போகிறது, பாதிச் சண்டையில் திரை உறைந்துவிடுகிறது. கடற்கரைக்கு வந்தேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் உன் பெயர், தமிழில். அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து டிவியைத் தொட்டுப் பார்த்தார். "என் புள்ள பேருடி" என்றார். அழுதோம், இரண்டு பேருமே.

அதைத்தானே அவர்கள் எதிர்பார்த்தார்கள்?

குறைகளை வெளியீட்டு நாளிலேயே சொல்லப்போகிறேன் என்று பிரவீனிடம் சொன்னேன். குரலில் தேன் வற்றியது. "பாத்துப் பண்ணுங்கக்கா. அடுத்த அப்டேட்ல எது இருக்கும், எது போவும்னு என் கையில இல்ல." புரிந்ததா? நான் வாயைத் திறந்தால் உன் போர்டு இறங்கிவிடும்.

எனக்குத் தைரியம் வரவில்லைடா. வீடியோவில் நீ பேசுவாய், நான் வெட்டி ஒட்டுவேன், அதுதானே நம் ஏற்பாடு? இப்போது பேச வேண்டியவள் நான். அம்மா தினமும் விளக்கு வைத்ததும் வந்து, "அந்தக் கடையக் காட்டு" என்பார். அதை எப்படிப் பிடுங்குவது? என்மேலேயே சந்தேகம் வேறு. கேம் நிஜமாகவே மோசமா, அல்லது பூ வந்த எரிச்சலில் நானே குறை தேடுகிறேனா?

ஒருநாள் அம்மா கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கினார். நீ எத்தனையோ முறை கெஞ்சியும் தொடாதவர். "கடைக்குள்ள போய்ப் பாக்கணும்." திரையில் இருந்த ஆளைத் தட்டுத் தடுமாறி நடத்திப் போனார். வாசல்படி தாண்டியதும் ஆள் பொசுக்கென்று தரைக்குள் விழுந்து, அடியில்லாத நீலத்தில் போய்க்கொண்டே இருந்தான். மறுபடி போனார். மறுபடியும் விழுந்தான்.

கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி, என் புள்ள பேரப் போட்டுட்டு, உள்ள தர கூடவா போட மாட்டானுங்க? இதப் போயி நல்லாருக்குதுன்னு சொல்லப் போறியா?"

"சொன்னா பேர எடுத்துடுவாங்கம்மா."

"எடுக்கட்டும். அவன் இருந்திருந்தா மொத ஆளா இதத்தான் சொல்லியிருப்பான்."

வெளியீட்டு நாளில் வீடியோ போட்டேன். உன் வழக்கப்படி, எப்படிக் கிடைத்தது என்பதில்தான் ஆரம்பித்தேன்: "இது ஓசில வந்தது. கூடவே ஒரு மலர்வளையமும் என் தம்பி பேரும் வந்துது." பிறகு எல்லாக் குறையையும் சொன்னேன், அம்மா விழுந்தது உட்பட. அன்றைக்கு மற்ற சேனல்களையும் பார்த்தேன். "கடலைக் கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்திட்டாங்க" என்று ஒருவன் மாற்றி ஒருவன் அதே வார்த்தையில் சொல்கிறான். யார் எழுதிக் கொடுத்ததோ, யாருடைய வீட்டுக்கு என்ன போனதோ?

போன வாரம் அப்டேட் வந்தது. தரையைப் போட்டுவிட்டார்கள். உன் பெயரை எடுத்துவிட்டார்கள். போர்டில் வெறும் "டீ ஸ்டால்".

அம்மா உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். "போவுது போ. இனிமே உள்ள போற புள்ளைங்க விழாதுங்க இல்ல" என்றார். அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

பிரவீன் இப்போது போனை எடுப்பதில்லை. இனி எதையும் நாமே வாங்கித்தான் பேச வேண்டும். பேசுகிறேன். உன் படகு வீடியோ இருந்த இடத்திலேயே இருக்கிறது, என் மூச்சு இருக்கும்வரை இருக்கும். வரும் கல்லறைத் திருநாளுக்கு விடிவதற்குள் வந்துவிடுவோம், வேறு எவனும் உன் தலைமாட்டைத் தொடுவதற்கு முன்னால். செவ்வந்தியை வைத்ததும் முதல் வேலையாக உன் காதில் சொல்வேன்: "இது நாங்க வாங்கினதுடா."

உன்னை அதட்ட இன்னும் உரிமை உள்ள ஒரே அக்கா,
செல்வி