பக்கம் அறுபத்து நான்கில் அக்கா

8 ஜனவரி 1914

அன்புள்ள சின்னவனுக்கு,

நான் செத்துப்போன செய்தியை நேற்றுத்தான் படித்தேன். இங்கே வாசகசாலைக்கு ‘1913இல் மறைந்த பெருமக்கள்’ வந்திருக்கிறது. நீ தொகுத்த புத்தகம் என்பதால் ஆசையாகப் புரட்டினேன். அறுபத்து நான்காம் பக்கத்தில் நான். மார்ச் பன்னிரண்டாம் தேதி காலமாகிவிட்டேனாம். மார்ச்சில் எனக்கு ஜலதோஷம் தவிர வேறொன்றும் வரவில்லை. எனக்கு முன்னால் பாலம் கட்டிய ஒரு என்ஜினீயர், பின்னால் ஒரு கணித மேதை. சகவாசம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஏழு வருஷமாகப் பேசாதவன் கோபத்தில் தீர்த்துக்கட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நீ எழுதியிருந்த பதினொரு வரிகளைப் படித்தேன். ‘இவர் பலூனில் ஏறினால் கீழே நிற்பவர்களுக்கும் உடம்பு லேசாகும். பயம் அறியாதவர் என்பார்கள். அறிவார், அறிந்தேதான் ஏறினார்.’ வாசகசாலைக்காரர் எட்டிப் பார்த்து, “என்னம்மா, தெரிஞ்சவங்களா?” என்று கேட்டார். “கொஞ்சம் பழக்கம்” என்றேன்.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்றே தெரியவில்லை. வண்டிச் சத்தம், பேச்சுச் சத்தம் எல்லாம் கீழே எங்கோ கேட்பது போலிருந்தது. ரொட்டிக் கடையில் சில்லறை வாங்காமலே வந்துவிட்டேன். செத்தவளுக்கு எதற்குச் சில்லறை.

இதையெல்லாம் மனசில் வைத்திருந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

மறைந்த உன் அக்கா

15 ஜனவரி 1914

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் உயிருடன் இருப்பதில் மகிழ்ச்சி.

தவறு நேர்ந்த விதம்: சென்ற மார்ச்சில் எங்கோ ஒரு பலூன் கிழிந்து விழுந்ததாகப் பத்திரிகையில் படித்தேன். தங்கள் பழைய விலாசத்துக்கு ‘சௌக்கியமா’ என்று எழுதினேன். அந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு கார்டு போட்டார். அதில் இருந்தது ஒரே வரி: ‘உங்கள் அக்கா பன்னிரண்டாம் தேதியே நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்.’

அடுத்த பதிப்பில் தங்களைப் பற்றிய குறிப்பு முழுவதும் நீக்கப்படும். இருப்பவர்களைப் பற்றி எழுதும் வழக்கம் எங்கள் புத்தகத்தில் இல்லை.

தங்கள்,
தொகுப்பாளர்

21 ஜனவரி 1914

சின்னவனே,

‘தாங்கள்’ என்று படித்ததும் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்த வீட்டுக்காரர் வார்த்தையில் கருமி. வீட்டைக் காலி செய்துவிட்டு நான் இந்த ஊர் வந்து சேர்ந்ததைத்தான் அப்படி எழுதியிருக்கிறார். நீயும் ‘எங்கே போய்ச் சேர்ந்தாள்’ என்று கேட்கவில்லை.

குறிப்பை எடுத்துவிடப் போகிறாய். அந்த வரிகளும் அதோடு போய்விடும். செத்தால்தான் அவை எனக்கு என்றால், நான் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ கேட்கவே இல்லை, நானாகவே சொல்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன் அம்மா இறந்துபோன தந்தி வந்தபோது நான் மேகத்துக்கு மேலே இருந்தேன். பலூனைக் கட்டியிருந்த கயிறு அறுந்து காற்று இழுத்துப்போய்விட்டது. மேலே காற்று இருப்பதே தெரியாது. நாமும் அதோடு போகிறோம் அல்லவா, மடியில் வைத்த காகிதம்கூட அசையாது. சுற்றிலும் வெள்ளை. நேரமே நின்றுபோன மாதிரி இருக்கும். கீழே எங்கோ நாய் குரைப்பது மட்டும் கேட்டது. அம்மா கூப்பிடுவது போலவும் ஒரு தடவை கேட்டது. பசி மயக்கம் என்று விட்டுவிட்டேன்.

பெயர் தெரியாத ஒரு வயலில் இறங்கி, ஊர் வந்து தந்தியைப் பார்த்து, ஓடி வர நான்கு நாளாயிற்று. தெருமுனையில் நின்றேன். வாசலில் நின்ற நீ என்னைப் பார்த்தாய். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாய். நான் வராமல் இல்லை. தாமதமாக வந்தேன்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். உயிரோடிருக்கும் அக்காவுக்கு அந்த வரிகள் உண்டா, இல்லையா? நீ பதில் போடாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்வேன். அப்புறம் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அக்கா

2 பிப்ரவரி 1914

அக்கா,

பத்து நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அன்று உன்னைப் பார்த்தேன். உன் உடுப்பெல்லாம் சேறு. பெற்றவளுக்கு வராதவள் எங்கோ ஊர் சுற்றிவிட்டு வருகிறாள் என்று கோபம் கண்ணை மறைத்தது. எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் தப்புதான்.

யாரை இறந்தவர் என்று போட்டாலும் இரண்டு சாட்சி வேண்டும் என்பது எங்கள் அலுவலக விதி. ஒன்பது வருஷத்தில் நான் அதை மீறியதே இல்லை. உனக்கு மட்டும் ஒரே ஒரு கார்டு. “ஏன்யா அவசரப்பட்ட?” என்று முதலாளி கேட்டார். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, உன்னிடம் சொல்கிறேன். கார்டைப் படித்ததும் மேசையிலேயே அழுதேன். அழுதுகொண்டே எழுத ஆரம்பித்தேன். இன்னொரு சாட்சிக்காகக் காத்திருந்தால் எழுதுவதை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியவில்லை, அக்கா. நீ இருக்கிறாய் என்கிற வரை ரோஷம் விடவில்லை. நீ போய்விட்டாய் என்றதும் ரோஷத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

எழுநூறு பிரதிகள் இன்னும் விற்காமல் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. பக்கத்தைக் கிழிக்க நான் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒட்ட ஒரு சீட்டு அச்சடித்திருக்கிறோம். நான் எழுதிக் கொடுத்ததில் முதலாளி கடைசி வார்த்தையை அடித்துத் ‘தொகுப்பாளர்’ என்று போட்டார். நான் அச்சுக்கோர்ப்பவரிடம் போய்ப் பழையபடியே கோர்க்கச் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

வியாழக்கிழமை வண்டியில் வருகிறேன். எனக்கு உயிரோடிருப்பவர்களிடம் பேசிப் பழக்கமில்லை. திக்கினால் சிரிக்காதே. சீட்டில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன்.

சின்னவன்

பிழை திருத்தம்
64ஆம் பக்கத்தில் உள்ளவர் உயிருடன், நலமாக இருக்கிறார். இறந்த தேதி மட்டுமே பிழை. அவரைப் பற்றிய பதினொரு வரிகளும் சரி.
— அவருடைய தம்பி