இயேசுதாசன் அங்கிளின் மரம்

6 ஜூலை 2025, ஞாயிறு

இதில் நடந்ததை மட்டும் எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் மாற்ற மாட்டேன். உம்மாவுக்குச் சாதகமாகவும் மாற்ற மாட்டேன் — இதை எழுதும்போதே கை தயங்குகிறது.

இன்று வகுப்புத் தோழி யும்னாவும் நானும் பள்ளி அறிக்கைக்காக செம்பவாங் பக்கம் ஆற்றுமுகத்துவாரத்தில் கன்றுகளைக் கணக்கெடுத்தோம். போன டிசம்பரில் உம்மாவின் மகளிர் குழு நட்ட சதுப்புநிலக் கன்றுகள். குடும்பத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ச்சீட்டு. யும்னாவின் கால் முழங்கால்வரை சேற்றில் புதைந்துவிட்டது. "என்னை விட்டுட்டுப் போ லா, நானும் ஒரு மரமா வளர்ந்துக்கிறேன்" என்றாள். சிரித்தோம்.

பிறகு சிரிக்கவில்லை. கன்றுகள் இல்லை. குச்சிகள்தாம் நிற்கின்றன. சிப்பி ஒட்டி, கறுத்து, ஓர் இலைகூட இல்லாமல். சீட்டுகள் மட்டும் புதிதுபோல இருந்தன. 'இயேசுதாசன்' என்ற சீட்டையும் பார்த்தேன்.

இயேசுதாசன் அங்கிள் எங்கள் பக்கத்து வீடு. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். போன வருடம் இறந்துவிட்டார். அவர் நினைவாக நட்டது அந்தக் கன்று. அவர் மனைவி பிரிஜட் ஆன்ட்டி, லிஃப்டில் உம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "என்ன முனீரா, எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"ஜோரா இருக்கார்க்கா. உங்க இடுப்பு உயரம்!"

உம்மாவுக்குத் தெரியாது போலிருக்கிறது. நான்தான் சொல்ல வேண்டுமா?

8 ஜூலை, செவ்வாய்

முகத்துவாரத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி மிஸ்டர் ஞானசேகரன் டன்லப் ஸ்திரீட்டில் உள்ள எங்கள் துணிக்கடைக்கு வந்தார். நட்ட இடம் மிகவும் தாழ்வாம். தண்ணீர் வடியவே நேரமாவதால் கன்று மூழ்கிச் சாகிறதாம். திரும்ப நட்டாலும் அதே கதிதானாம். அதற்குப் பதிலாக, பின்னால் இருக்கும் பழைய இறால் குளத்தின் கரையை வெட்டிவிட்டால் கடல் உள்ளே வந்து போகும், விதைகள் தாமாக மிதந்து வந்து வேர்விடும் என்றார்.

வெட்ட அரசு தயார். ஆனால் அந்த இடத்தை அரசும் தொண்டூழியக் குழுக்களும் சேர்ந்து பார்த்துக்கொள்வதால், குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை பத்தொன்பதாம் தேதி சமூக மன்றத்தில் கூட்டம். குழுக்களில் உம்மாவுடையதுதான் பெரியது.

"அப்ப நாங்க என்ன செய்யணும்?" என்றார் உம்மா.

"குப்பை எடுக்கணும். அறுந்த வலை எடுக்கணும். அப்புறம் காத்திருக்கணும்."

"காத்திருக்கிறதை யாராவது போட்டோ எடுப்பாங்களா சார்?"

வாப்பா துணி மடித்தபடியே சிரித்துவிட்டார். உம்மா சிரிக்கவில்லை. இரண்டாவது முறை கன்று நடும் விழாவுக்குப் பெயர்கள் வாங்கியாகிவிட்டது. கூடாரத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

11 ஜூலை, வெள்ளி

லிஃப்டில் பிரிஜட் ஆன்ட்டி. இன்று என்னைக் கேட்டார்: "நீ போய்ப் பார்த்தியாமே, ஹம்னா?"

"சேறு ரொம்ப, ஆன்ட்டி."

பொய் இல்லை. பொய்தானோ?

14 ஜூலை, திங்கள்

கூட்டத்தில் மாணவர் அறிக்கையை நான் வாசிக்க வேண்டும். உம்மாவிடம் காட்டினேன். நின்றபடியே படித்தார்.

"அந்தக் குச்சிப் படம் இருக்கிற பக்கத்தை மட்டும் விட்டுடு."

"அது இல்லாட்டி கரையை ஏன் வெட்டணும்னே யாருக்கும் புரியாதும்மா."

"அடக்கத்தன்னிக்கு பிரிஜட் அக்கா முகத்தை நீ பார்த்தியா? பார்த்தியா நீ?"

கத்திட்டேன். உம்மாகிட்ட நான் கத்தினதே இல்ல. எனக்கு மட்டும் ஆன்ட்டி யாராம்? ஸ்கூல் விட்டு வந்து எத்தனை நாள் அவங்க வீட்லதான சாப்பிட்டேன்! நானா வேணும்னு சொல்றேன்?

18 ஜூலை, வெள்ளி

காலையில் அந்தப் பக்கத்தை உருவினேன். மாலையில் திரும்ப வைத்தேன்.

19 ஜூலை, சனி

பிரிஜட் ஆன்ட்டி முன்வரிசையில், மாதா கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தார். வாசித்தேன். குச்சிகளின் படம் திரையில் வந்தது.

ஆன்ட்டி கை தூக்கினார். "அதுல எங்க வீட்டுக்காரர் எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா எழுந்துவிட்டார்.

"செத்துப்போச்சுக்கா. எனக்கு ஏப்ரல்லயே தெரியும்."

ஏப்ரல்! உம்மா தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். எனக்குக்கூடத் தெரியாமல்.

"சொல்ல வாய் வரலக்கா."

"இடுப்பு உயரம்னு சொல்ல மட்டும் வந்துச்சா?"

ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். உம்மா உட்காரவில்லை. மைக்கே இல்லாமல் பேசினார். "அதே இடத்துல இன்னொரு தடவை நட்டா, நான் இன்னும் எத்தனை பேர்கிட்ட பொய் சொல்லணும்? கரையை வெட்டுங்க."

கைகள் உயர்ந்தன. எல்லாருடையதும் அல்ல. சிலர் அங்கேயே குழுவைவிட்டு விலகிக்கொண்டார்கள்.

20 ஜூலை, ஞாயிறு

லிஃப்ட் திறந்தது. உள்ளே ஆன்ட்டி. "நீங்க போங்கக்கா" என்றார் உம்மா. நாங்கள் மாடிப்படி ஏறினோம். ஏழு மாடியும்.

27 செப்டம்பர், சனி

கரையை வெட்டினார்கள். காப்பி நிறத்தில் தண்ணீர் உள்ளே புகுந்தது. குழுவில் மிச்சமிருக்கும் பெண்களோடு உம்மா வலைகளை இழுத்துப் போட்டார். யாரும் படம் எடுக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வெறும் சேறு.

"ஒன்னுமே வரலைன்னா?" என்று மிஸ்டர் ஞானசேகரனைக் கேட்டேன்.

"வராமலும் போகலாம்மா" என்றார்.

இதைச் சொல்லத்தான் எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தாரா?

15 நவம்பர், சனி

விரல் உயரத்தில் கன்றுகள்! யாரும் நடாதவை. யும்னா சேற்றிலேயே ஆடினாள். உம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

22 நவம்பர், சனி

இன்றும் போய் வந்தோம். மாலையில் மணி அடித்தது. வாசலில் பிரிஜட் ஆன்ட்டி.

"உம்மாவைக் கூப்பிடு."

உம்மா ஈரக் கையோடு வந்தார். ஆன்ட்டி உள்ளே வரவில்லை.

"செடி வந்திருக்காமே?"

உம்மா கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வந்திருக்குக்கா. அங்கொன்னு இங்கொன்னா. போன வாரம் பார்த்ததுல சிலது இன்னிக்கு இல்ல. மிச்சம் தங்குமான்னும் தெரியாது."

ஆன்ட்டி உம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"பேர் கீர் எழுதி எதுலயும் மாட்டிடாத."

"மாட்டலக்கா."

"காலையில பூசை இருக்கு. முடிஞ்சுதான் வர முடியும்."

"முடிச்சுட்டு வாங்க. மத்தியானம் வரைக்கும் தண்ணி ஏறாது. உங்க கால் என்ன சைஸ்?"

"ஏழு. ஏன்?"

"என் பூட்ஸ் பத்தாது. ஹம்னாவோடது சரியா இருக்கும்."

ஆகவே நாளை நான் கரையில்தான் நிற்பேன். பூட்ஸைக் கழுவி வாசலில் வைத்துவிட்டேன். உம்மா அறைக்குள் எட்டிப் பார்த்து, "போதும் எழுதினது" என்று விளக்கை அணைத்துவிட்டார்.