மேசையில் ஓர் இடம்

மார்ச் 3

என் கணவன் கிரைனின் வலது கையும் செயலிழந்துவிட்டது. நான்தான் கஞ்சி ஊட்டினேன். இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 6

சபை மூப்பர் யோப்ஸெ கறுப்புக் கோட்டோடு வீட்டுச் சந்திப்புக்கு வந்தார். காப்பியை முடித்துவிட்டுக் கேட்டார்: "கிரைன், இந்த நோய் மூலமா கர்த்தர் உங்ககிட்ட என்ன சொல்றார்னு யோசிச்சீங்களா?" தகப்பன் தன் சொந்தப் பிள்ளையைத்தான் சிட்சிப்பார், அடித்துத் திருத்துவார் என்றார்.

நான் பள்ளியில் உயிரியல் கற்பிப்பவள். நரம்புகள் சாகின்றன. அதில் செய்தி எதுவும் இல்லை. கோப்பைகளைக் கழுவினேன்.

மார்ச் 9

அன்றிலிருந்து தன் பாவத்தைத் தேடுகிறான் கிரைன். பேச்சும் குழறுகிறது. "நெல்லா, மழைக்குப் பயந்து ஒரு ஞாயித்துக்கிழமை, ஓய்வு நாள்னும் பார்க்காம, வைக்கோல் ஏத்தினேனே, அதுக்கா?"

"மழை வந்துச்சு. ஏத்தின. அவ்வளவுதான்."

அவன் நம்பவில்லை. எந்தத் தகப்பன் இப்படி அடிப்பான்? பக்கத்து வீட்டில் நடந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பேன்.

மார்ச் 10

ஒன்றுமில்லை. அவனுக்கு இருமல்.

மார்ச் 17

சிரித்தான். எத்தனை நாளாயிற்று!

"அடிக்கிறது சொந்தப் பிள்ளையத்தானே? நான் வாங்கினது போதாதா? அப்போ மேசையில எனக்கும் ஒரு இடம் இருக்கணும்ல."

எங்கள் சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து மேசைக்குத் தாங்கள் தேவனுடைய பிள்ளைகள் என்ற நிச்சயம் உள்ளவர்கள் மட்டுமே போவார்கள் — பத்துப் பேர் இருக்கலாம். மற்ற எல்லோரும் பெஞ்சிலிருந்து பார்ப்போம். கிரைன் வாழ்நாள் முழுதும் பார்த்தவன்.

மார்ச் 22, ஞாயிறு

ஆலயத்தில் அவன் சக்கர நாற்காலியை மேசையை நோக்கித் தள்ளினேன். பெஞ்சு வரிசையில் கைமாறிக்கொண்டிருந்த பெப்பர்மின்ட் மிட்டாய்ப் பொட்டலம் பாதியில் நின்றது. இவளுமா போகிறாள் என்று பார்த்தார்கள். மேசை ஓரத்தில் அவனை விட்டுவிட்டுப் பின்னால் நின்றேன்.

அப்பத்தை விழுங்க முடியவில்லை. கண்ணால் கூப்பிட்டான். அவன் வாயில் விரலை விட்டு அதை எடுத்து அவன் கைக்குட்டையில் சுற்றி, அவன் கோட்டுப் பையிலேயே வைத்தேன். எல்லோரும் பார்க்க. யோப்ஸெ அப்பத் தட்டை அடுத்தவரிடம் நகர்த்தினார்.

வீட்டு வாசலில் கேட்டான்: "துப்பிட்டேனே, நெல்லா. அதுவும் பாவத்துல சேருமா?"

"சேராது."

யார் சார்பில் சொன்னேன்?

ஏப்ரல் 14

அடக்கம் முடிந்தது. இந்தச் சோதனை எனக்கு ஆசீர்வாதமாகட்டும் என்று ஒவ்வொருவராகக் கைகொடுத்துச் சொன்னார்கள். யோப்ஸெ மட்டும் கையைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

கிரைனின் கோட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் கைக்குட்டை. அப்பம் கல்லாகியிருந்தது. குப்பை வாளியைத் திறந்தேன். மூடினேன்.

திரும்பப் பையில் வைத்துக் கோட்டை மாட்டிவிட்டேன். துவைக்கவில்லை.